பொன்னாடை அதிபர்

கதிரையின் முதுகில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் பள்ளிக்கூட அதிபர் ராஜலிங்கம். திருப்தியில்லை. உருவியெடுத்து உதறி மறுபடியும் போர்த்துகிறார். இந்தத் தடவை கதிரைக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கைகளை மட்டும் நீட்டி, முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். வாசலில் நான் கமராவோடு நிற்கிறேன்.

"பின்னால நின்னு போட்டா நம்ம மூஞ்சி மறஞ்சிருது பஹ்மி தம்பி. அப்புறம் பேப்பர்ல பாக்குறவங்க, மினிஸ்டர் தானே போத்திக்கிட்டாருன்னுல்ல நெனப்பாங்க?"

நான் கம்பளையில் சின்னதாக ஒரு போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன். கூடவே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபர். மண்சரிவு, பஸ் விபத்து, கோயில் தேர், பள்ளிவாசல் கந்தூரி எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கமராவில் அதிகமாக விழுந்த முகம் எதுவென்று கேட்டால், என் பிள்ளைகளுடையது அல்ல, ராஜலிங்கம் அதிபருடையது. ராஜலிங்கம் என்பது நான் வைத்த பெயர். நாவலப்பிட்டிக்குப் போகும் வழியில், பிரதான பாதையிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் வரும் அவருடைய பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. இவ்வளவு மறைத்தும், இதைப் படித்தால் தன்னைப் பாராட்டி எழுதியதாகவே அவர் நினைப்பார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காலையில் அவர் பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். துக்கத்துக்காக அல்ல. எந்த அரசியல்வாதியின் மாமியார், எந்த மாகாண சபை உறுப்பினரின் சின்னம்மா என்று பார்ப்பதற்கு. அவருடைய அலுமாரியில் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். மரண வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சேருமுன் இவர் போய்ச் சேர்ந்திருப்பார். போனவர் சும்மாவும் இருக்க மாட்டார். பிரமுகர்களுக்கு முன்வரிசைக் கதிரை ஒதுக்குவது, வாகனம் திரும்ப இடம் காட்டுவது, யார் பேசிய பிறகு யார் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு தடவை பிணத்தைத் தூக்க வந்தவர்களையே, எம்.பி. இன்னும் வரவில்லையென்று சொல்லி இவர் நிறுத்தி வைத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"சாவு வீட்டுல போயி நின்னாதான் தம்பி மனசுல நிப்போம். கல்யாண வீட்டுல ஆயிரம் பேரு சிரிப்பான், எவன் ஞாபகம் வச்சிக்கிறது?"

அரசியல்வாதிகளோடு மட்டும் அவருக்கு உறவென்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய இணைப்பாளர், செயலாளர், மெய்ப்பாதுகாவலர், சமையற்காரர் வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வாகனச் சாரதிகள் என்றால் தனி அன்பு. "டிரைவரப் புடிச்சா வண்டி நம்ம கேட்டுல நிக்கும். இல்லாட்டி அவன் ஹோர்ன் அடிச்சிக்கிட்டே போயிருவான்," என்பார். பிரதியமைச்சரின் சாரதிக்குப் பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் துணி கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரும் நட்சத்திரமும் இவருக்குத் தெரியும். தன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளை "இந்தா, ஒன்னயத்தான்" என்று கூப்பிடுவார்.

அலுவலகச் சுவரில் படங்கள். இன்றைக்குப் பதவியில் இருப்பவர்கள் நடுவில், இருக்கப்போகிறவர்கள் ஓரத்தில். தேர்தல் முடிந்த மறுநாள் இடம் மாறும். தோற்றவர்களின் படங்களை அவர் வீசுவதில்லை. பழைய துணியில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்திருக்கிறார். "எவன் எப்பத் திரும்பி வருவான்னு சொல்ல ஏலாது. வரும்போது தூசி தட்டணும்ல?" இதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சமே கிடையாது. தோட்டக்காரன் விதையை எடுத்து வைப்பதைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொல்வார்.

குத்துவிளக்குக்கு ஐந்து முகம். மேடைக்கு வருகிறவர்களோ அதற்குமேல். எந்தத் திரியை யார் ஏற்றுவது என்பதில் பெரிய பெரிய சண்டைகள் வந்த பள்ளிக்கூடங்கள் உண்டு. இவர் பள்ளிக்கூடத்தில் வராது. மேடைக்குக் கீழே இன்னொரு குத்துவிளக்கை எண்ணெய் விட்டுத் தயாராக வைத்திருப்பார். ஆள் கூடினால் அதுவும் மேலேறும். மெழுகுவர்த்தியை யார் கையில் முதலில் கொடுப்பது, அணையாமல் இருக்க எந்தப் பிள்ளை கையால் மறைப்பது என்பதையெல்லாம் முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுவார். கணித பாடம் நடக்க வேண்டிய நேரத்தில்தான் ஒத்திகை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவர் வருமுன் அந்தப் பள்ளிக்கூடம் மழைக்காலத்தில் ஒழுகும். பிள்ளைகள் தரையில் இருந்து எழுதினார்கள். மலசலகூடம் என்று சொல்லக்கூடியதாக ஒன்றுமில்லை. இன்று கூரை இருக்கிறது, மேசை கதிரை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக மலசலகூடம் இருக்கிறது. எல்லாம் பொன்னாடைக்கு வந்தவை. நான் எவ்வளவு ஏளனம் செய்தாலும் மழை அந்தக் கூரைக்குமேலேதான் பெய்கிறது. ஏளனத்தோடு எனக்கு எரிச்சலும் சேர்ந்து வருவதற்கு அதுவும் காரணம். எதையும் செய்ய முடியாத மனிதர் என்றால் விட்டுவிடலாம். இவர் செய்ய முடிந்தவர்.

ஆய்வுகூடமும் அப்படி வந்ததுதான். ஒருவர் அடிக்கல் நாட்டினார். ஆட்சியில் இருந்த கட்சி மாறியதால் வேறொருவர் வந்து இன்னொரு தடவை நாட்டினார். கட்டடம் எழும்பி வர்ணமும் பூசியாயிற்று. அந்த நம்பிக்கையில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவும் தொடங்கினார்கள். மேலே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பாலம்மாவின் மகள் சந்திரிகா, சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவளோடு இன்னும் சில பெண்கள். ஆய்வுகூடம் மட்டும் பூட்டியே கிடந்தது. பிரதியமைச்சர் வந்து திறக்க வேண்டுமாம்.

"தொறக்க முந்திப் பாவிச்சா புதுசு போயிரும்ல? மினிஸ்டர் உள்ள வரும்போது அசிட் வாடை அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார்.

இப்படிப் பூட்டியிருந்த காலத்தில்தான் இரசாயனவியல் ஆசிரியர் மாற்றம் வாங்கிக்கொண்டு பேராதனைப் பக்கம் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. உப அதிபர் கைரியா டீச்சர் உயிரியல் படிப்பிப்பவர். இரசாயனத்தையும் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். ஆனால் வலயக் கல்வி அலுவலகம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தவணை முடிவதற்குள் இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் விஞ்ஞானப் பிரிவை மூடவேண்டியதுதான், பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போகலாம் அல்லது கலைப்பிரிவுக்கு மாறலாம். வேறு பள்ளிக்கூடம் என்றால் கண்டி. தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து முதல் பஸ் கண்டிக்கு வந்து சேரும்போது அங்கே பாதிப் பாடம் முடிந்திருக்கும். விடுதியில் தங்கிப் படிக்க பாலம்மாவின் பிள்ளைக்கு வழியில்லை.

ஆய்வுகூடத் திறப்புவிழாவுக்கு முதல் நாள், அந்தப் பொன்னாடை ஒத்திகைக்காக, நான் அங்கே இருந்தேன். கைரியா டீச்சர் அதிபரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"சேர், நாளைக்கு மினிஸ்டரோட மாகாணத்துப் பெரிய அதிகாரியும் வாறாங்க. அவங்க கையெழுத்து வெச்சா டீச்சர் வந்திரும். நீங்க செல்லாட்டி வேற யாரு சேர் செல்லுற? அந்தப் புள்ளகள்ட முகத்த பாக்க ஏலாம இருக்கு எனக்கு."

"சொல்லிருவோம் டீச்சர். சொல்லாம விடுவேனா? மேடையிலயே சொல்லிருவோம்."

அவர் பொய் சொன்னதாக நான் இப்போதும் நினைக்கவில்லை. சொல்கிற நேரத்தில் அவர் சொல்வதெல்லாம் உண்மைதான். அந்த நேரம் கடந்து போய்விடும், அவ்வளவுதான்.

மறுநாள் பிள்ளைகள் காலையிலிருந்தே பாதையின் இரு பக்கமும் கொடியோடு நின்றார்கள். கண்டிய நடனக் குழு ஒன்றும் மேளத்தோடு வந்திருந்தது. பிரதியமைச்சர் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார். வெற்றிலைக் கட்டுக் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், இரண்டு குத்துவிளக்கும் ஏற்றினார்கள். பொன்னாடை வழுக்காமல் நின்றது. அதிபரின் முகம் முழுசாக விழுந்தது.

ரிப்பன் வெட்டி உள்ளே போனதும் ஒரு காட்சி வைத்திருந்தார் கைரியா டீச்சர். சந்திரிகா வெள்ளை மேலங்கியோடு நின்று, கண்ணாடிக் குடுவையில் இருந்த நிறமில்லாத திரவத்தில் துளித்துளியாக வேறொன்றை விட்டாள். ஒரு துளியில் மொத்தமும் ரோசா நிறமாயிற்று. பிரதியமைச்சர் சின்னப் பிள்ளை மாதிரி "அட!" என்றார். மனிதர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

"என்னவா வரப்போறீங்க மகள்?"

"டொக்டர் சேர்," என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. இரண்டாம் தரம் சொன்னாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரதியமைச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதிபரின் தோளில் கை போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாகாண அதிகாரியைக் காட்டிச் சொன்னார்: "அதிபர், இந்தப் புள்ளைங்களுக்கு இன்னும் என்ன வேணும்? கேளுங்க. மேடம் இங்கேயே நிக்கிறாங்க, இப்பவே எழுதிக்கிருவாங்க. கூச்சப்படாம கேளுங்க."

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் கமராவை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைரியா டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். சந்திரிகா குடுவையைக் கையில் பிடித்தபடியே அதிபரைப் பார்த்தாள். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், கேட்கவேண்டியது ஒரேயொரு ஆசிரியர் என்று. மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய வார்த்தை.

ராஜலிங்கம் அதிபர் இரண்டு கைகளையும் கூப்பினார். "ஒங்க தயவுல ஒரு கொறையும் இல்லீங்க சேர். கேக்காமலே குடுக்கிற கை இது. ஒண்ணே ஒண்ணுதான் ஆச. கேட்டுல ஒரு வளைவு கட்டி, ஒங்க பேர அதுல பொறிக்கணும். பின்னால வர்ற சந்ததி அத வாசிச்சிக்கிட்டு உள்ள வரணும்."

பிரதியமைச்சர் சிரித்தார். "கட்டிருவோம்," என்றார். எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அந்த அம்மா எழுதிக்கொண்டார். கைரியா டீச்சர், "சேர், கெமிஸ்ட்ரிக்கு..." என்று தொடங்கினார். கைதட்டல் கேட்டதும் வைபவம் முடிந்ததென்று நினைத்து வெளியே மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்டி மேளத்துக்கு முன்னால் ஒரு டீச்சரின் குரல் எம்மாத்திரம்? அவர் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். அதிபரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு வாங்க சேர்," என்று பிரதியமைச்சரின் முழங்கையைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினார்.

வாகனங்கள் போனபின் அவரைத் தனியே பிடித்தேன். ஒரு நிருபர் கேட்கக்கூடாத தொனியில்தான் கேட்டேன். "என்ன சேர் இது? அவர் வாய் திறந்து கேட்டாரே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவருக்குக் கோபம் வரவில்லை. விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, அந்த மனுசன் இப்பத்தான் லேப்பத் தொறந்து வச்சிட்டு நிக்கிறாரு. அந்த எடத்துலயே படிப்பிக்க ஆளில்லைன்னு சொன்னா அவரு மொகம் என்னாகும்? குடுத்தவன்கிட்ட கொற சொன்னா அடுத்த தடவ வருவானா? அதோட இன்னொண்ணு. ஒரு டீச்சரக் கேட்டு வாங்குறோம்னு வையுங்க. அத எப்பிடித் தொறந்து வைக்கிறது? ரிப்பன் எங்க கட்டுறது? சொல்லுங்க பாப்போம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கடைக்கு வந்து படத்தை அனுப்பினேன். 'விஞ்ஞான ஆய்வுகூடம் மாணவர்களிடம் கையளிப்பு' என்று அது பத்திரிகையில் வந்தது. அதிபர் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். படத்தின் ஓரத்தில் கைரியா டீச்சரின் பாதி முகம் இருந்தது. அந்தப் பாதியைச் சட்டத்துக்காக வெட்டிவிட்டார்.

தவணை முடிந்தது. சொன்னபடி விஞ்ஞானப் பிரிவு மூடப்பட்டது. வசதியிருந்த ஓரிருவர் கண்டிக்குப் போனார்கள். மற்றவர்களைக் கலைப்பிரிவில் சேர்த்தார்கள். ஆய்வுகூடம் இப்போது விருந்தினர்களுக்குச் சிற்றுண்டி பரிமாறும் அறை. தண்ணீர்க் குழாயும் கழுவும் தொட்டியும் இருப்பதால் வசதி என்று அதிபரே என்னிடம் சொன்னார்.

வளைவுக்கு மட்டும் ஒரு தடங்கலும் வரவில்லை. அடிக்கல் நாட்டுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வரச் சொல்லி எனக்கு அழைப்பு. போனேன். கேட்டடியில் மேசன் ஒருவரோடு நின்றுகொண்டு, பிரதியமைச்சரின் வாகனம் இரண்டு பக்கமும் உரசாமல் நுழைய எவ்வளவு அகலம் வேண்டுமென்று வாதாடிக்கொண்டிருந்தார் அதிபர். மேசனின் அளவு டேப் அவர் கையில்.

அந்த நேரம் பாலம்மா வந்தார். மலையிலிருந்து அரைநாள் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார். பின்னால் சந்திரிகா, பள்ளிச் சீருடையில்.

"சேர், கும்புடுறேன். புள்ள ரெண்டு மாசமா சரியாத் திங்கிறதில்ல. ஆர்ட்ஸ் புத்தகத்தத் தொடவும் மாட்டேங்குது. நீங்க மினிஸ்டரோட பழகுறவங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஒரு டீச்சர அனுப்பிருவாருன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு வார்த்த சேர்."

அதிபர் முழுவதையும் கேட்டார். அவசரப்படுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பொறுமை அது. தலையை ஆட்டி, "பாப்போம் பாலம்மா, கட்டாயம் பாப்போம். ஆர்ட்ஸ்லயும் எவ்வளவோ இருக்கு. அழுவாதம்மா," என்றார். பாலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்திரிகாவின் பார்வை பாதையின் மறுபக்கத்தில் இருந்தது.

"நீ கொஞ்சம் வாம்மா இங்க," என்றார் அதிபர். அவள் வந்தாள். டேப்பின் நுனியை அவள் விரல்களுக்குள் வைத்து மூடினார். பழைய கேட்டுத் தூணில் அவள் கையைச் சேர்த்துப் பிடித்து, "ஆடாம புடிக்கணும், என்ன?" என்று சொல்லிவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டே எதிர்த் தூணை நோக்கிப் பின்னால் நடந்தார். பாதி தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மட்டம் சரியாக வரவில்லை. திரும்பி வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தி வைத்தார்.